ரத்னம்மா சொன்ன முடிவு

திரை சட்டென்று வெள்ளையாகிவிட்டது.

அதுவரை அதில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வசந்தா என்ற கதாநாயகி கையில் விளக்கோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். பல வருஷம் கழித்து அவளுடைய புருஷன் திரும்பி வந்திருக்கிறான் என்பது கொட்டகையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. தாழ்ப்பாளில் கையை வைத்தாள். அவ்வளவுதான்.

ஓசூர் டூரிங் டாக்கீஸில் ரீல் மாற்றுவதற்காகப் படம் நிற்பது வழக்கம்தான். விளக்கைப் போடுவார்கள். முறுக்கும் சோடாவும் வரும். மறுபடி இருட்டாகும். அன்று விளக்கு வந்தது, முறுக்கு வந்தது, முறுக்கு தீர்ந்தும் போயிற்று. இருட்டு மட்டும் வரவில்லை.

ஆண்கள் பக்கம் விசில் கிளம்பியது. பெண்கள் பக்கம் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கடைசியில் கொட்டகை முதலாளி பாஷா சாயபு திரைக்கு முன்னால் வந்து நின்றார். எப்போதும் கலகலவென்று இருக்கிற மனுஷர். அன்று கைகளைக் கூப்பிக்கொண்டு வந்தார்.

"கடைசி ரீல் டப்பா கிருஷ்ணகிரி கொட்டாயிலயே தங்கிப்போச்சுங்க. அடுத்த பஸ்ல அனுப்பிடறோம்னாங்க. நம்பி ஆரம்பிச்சுட்டேன். பஸ் இன்னும் வந்து சேரல."

சானமாவுக் காட்டோரம் டயர் வெடித்து அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஆனால் கொட்டகைக்குள் அதற்குள்ளேயே யானை வழியை மறித்துவிட்டதாகச் செய்தி பரவி, யானையின் உயரம்வரைக்கும் பேச்சாகிவிட்டது.

"யானை கெடக்கட்டும் சாயபு! அவ கதவத் தொறந்தாளா இல்லியா, அத சொல்லு!" என்று ஒரு குரல்.

சாயபு விழித்தார். படத்தைத் தருவிப்பதில் இருந்த அக்கறை அவருக்குப் படத்தைப் பார்ப்பதில் கிடையாது. "இது பத்திரிகையில வந்த கதைன்னு சொன்னாங்க. படிச்சவங்க யாராச்சும் இருந்தா வந்து சொல்லுங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரத்னம்மா விருட்டென்று எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் சொல்லிவிட்டாள்.

"நம்ம டீச்சருக்குத் தெரியும்!"

அந்தக் கொட்டகையில் யாருக்கு அந்த முடிவைச் சொல்லக்கூடாது என்று நான் நினைத்திருந்தேனோ, அவளேதான் என்னைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

விடுதியே அழுத கதை

இந்தத் தொடரில் அந்தக் காலத்துப் புத்தகங்களையும் படங்களையும் பற்றிச் சொல்லுங்கள் என்கிறார் பத்திரிகை ஆசிரியர். சொல்லலாம். ஆனால் எனக்குப் புத்தகம் தனியாக நினைவுக்கு வருவதில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்களோடு சேர்ந்துதான் வருகிறது.

வசந்தாவின் கதை ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது நான் சேலத்தில் ஆசிரியைப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக்கு ஒரே ஒரு பிரதி வரும். வார்டனம்மா முதலில் படிப்பார்கள். 'உங்களுக்கெல்லாம் இது ஆகாது' என்று அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். சாவி எங்கே இருக்கும் என்பது விடுதியில் எல்லோருக்கும் தெரியும்.

தொடர் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, பழுப்புத் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தோம். மண்ணெண்ணெய் வாசனையும் யாரோ தலைக்குத் தடவிய தேங்காயெண்ணெய்க் கறையும் அதில் உண்டு.

கதை இதுதான். ராஜசேகர் கல்யாணமான புதிதில் வசந்தாவை விட்டுவிட்டுக் கடல்தாண்டிப் போகிறான். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்து வயிற்றைக் கழுவுகிறாள், காத்திருக்கிறாள். எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு ஒரு மழை இரவில் அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். ஒரு வார்த்தை கேட்காமல் அவன் காலில் விழுகிறாள். அவன் தூக்கி மடியில் கிடத்தும்போது அவள் உயிர் பிரிந்திருக்கிறது. நெற்றியில் குங்குமம் கலையாமல் இருக்கிறது.

அந்த வாரம் விடுதியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வார்டனம்மாவின் கண்ணும் சிவந்திருந்தது. நானும் அழுதேன், போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு. இப்போது படித்தால் சிரித்துவிடுவேனோ என்னவோ. ஆனால் அன்று அழுதது பொய்யில்லை.

அப்புறம் எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அங்கே ரத்னம்மாவைப் பார்த்தேன். அதன்பிறகு அந்த முடிவை நினைத்தால் எனக்கு அழுகை வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

ஆடிக்கு வந்தவள்

ஓசூருக்கு வந்து இறங்கிய அன்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கிறோமா என்று. பஸ் ஸ்டாண்டில் வண்டிக்காரர் கன்னடத்தில் கேட்டார். பக்கத்தில் காய் விற்றவள் தெலுங்கில் பதில் சொன்னாள். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டவர் மட்டும், "டீச்சரம்மாவா? வாங்க வாங்க" என்றார். என் வகுப்பில் ஒரு குழந்தை ஒரே வாக்கியத்தில் மூன்று மொழியையும் போட்டு, தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கும்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி மாதேவண்ணாவின் காப்பி ஓட்டல் இருந்தது. தனியாக இருக்கிற பெண் ஓட்டலில் முன்பக்கம் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம். மாதேவண்ணாவே எனக்குப் பின்கட்டில் ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தார். அங்கேதான் அவருடைய தங்கை ரத்னம்மா ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும்.

அவளை பெங்களூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் சிவண்ணா அங்கே ஒரு கம்பெனியில் லேத் மிஷினில் வேலை. ஒரே அறை வீடு, மாமியாரும் கூட. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். அப்படித்தான் வந்தாள். ஆடி முடிந்தது. கூட்டிப்போக யாரும் வரவில்லை. மறு ஆடியும் வந்து போயிற்று.

சண்டை ஒன்றுமில்லை. மாமியாருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 'அவள் வேண்டாம்' என்று அம்மா சொன்னதற்கு மகன் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்ததிலேயே அவள் இங்கே தங்கிவிட்டாள்.

"அடிச்சிருந்தாலும் ஒரு நாயம் கேக்கலாம் அக்கா. சும்மா இருக்கற மனுசன்கிட்ட என்னான்னு கேக்கறது?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டலில் கூட்டம் அடங்கியதும் நான் அவளுக்குப் பத்திரிகைக் கதைகள் படித்துக் காட்டுவேன். அவளுக்குக் கன்னட எழுத்துத்தான் தெரியும். தமிழ் பேசுவாள், படிக்க வராது. பதிலுக்கு எனக்குக் கன்னடம் பேசக் கற்றுக்கொடுத்தாள். நான் 'ஹ' வர வேண்டிய இடத்தில் விழுங்கிவிடுவேன். கை நிறைய மாவோடு சிரிப்பாள்.

கதை கேட்கும்போது சும்மா கேட்க மாட்டாள். "ஏன் அக்கா, எல்லாக் கதையிலும் பொம்பளைங்க மயக்கம் போட்டு விழறாங்க? நானும் எவ்வளவோ சங்கடத்துல இருந்திருக்கேன். ஒரு தடவகூட விழுந்ததில்லியே!"

இந்த விமரிசனத்தை நான் பிற்காலத்தில் எந்த இலக்கியக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

அவளுக்கு எத்தனையோ கதைகள் படித்துக் காட்டினேன். பழுப்பு அட்டை போட்ட அந்த ஒரு கதையை மட்டும் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவில்லை. காத்திருக்கிற பெண்ணிடம் போய், காத்திரு, அவன் வந்ததும் காலில் விழுந்து செத்துப்போ என்று எப்படிப் படித்துக் காட்டுவது?

ஆனால் கதை படமாகிவிட்டது. ஊரெல்லாம் வண்டி கட்டி மேளம் அடித்து நோட்டீஸ் போட்டார்கள். சாயபு வீட்டுப் பெண்கள் முதல் ஆட்டத்துக்கு வரச்சொல்லி ரத்னம்மாவைக் கூப்பிட்டார்கள். நான் தலைவலி, மழை வரும், ஏற்கெனவே படித்த கதைதான் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன்" என்றாள். நானும் போனேன்.

மைக்கு முன்னால்

சாயபு மைக்கை என் கையில் கொடுத்தார். ஆட்டம் தொடங்குமுன் பாட்டுப் போடுகிற ஒலிபெருக்கியின் மைக் அது. என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

அன்று சந்தை நாள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லிலிருந்தும் அத்திப்பள்ளியிலிருந்தும் வந்தவர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் படத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஆள் நடமாடினால் அவர்களுக்கு மொழி தேவையில்லை. ஆனால் ஒரு டீச்சர் நின்று பேசுவதை வைத்து என்ன செய்வது? நான் வாயைத் திறந்ததுமே, "கன்னடதல்லி ஹேளி!" என்று கத்தினார்கள். கன்னடத்தில் சொல்லுங்கள்.

என் கன்னடத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு ஜனத்துக்குக் கதை சொல்ல முடியாது. சாயபுதான் யோசனை சொன்னார். "ரத்னம்மா, நீயும் வாம்மா. டீச்சரம்மா தமிழ்ல ஒண்ணு சொல்லட்டும். நீ அதையே கன்னடத்துல சொல்லிடு."

அவள் கூச்சப்படாமல் வந்து என் தோளை ஒட்டி நின்றாள். ஒரே மைக். நான் சொல்லிவிட்டு அவள் பக்கம் நீட்டுவேன். அவள் சொல்லிவிட்டு என் பக்கம் தள்ளுவாள்.

"வசந்தா கதவைத் திறந்தாள்" என்றேன். அவள் கன்னடத்தில் சொன்னாள்.

"வாசலில் அவள் புருஷன் நனைந்துகொண்டு நின்றான்." சொன்னாள்.

"தாடி வளர்ந்திருந்தது. கண் குழிவிழுந்திருந்தது." அதையும் சொன்னாள், இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, செருப்பு அறுந்திருந்தது என்று. கூட்டம் உச்சுக்கொட்டியது.

இதற்கு மேல் என்ன சொல்வது? மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் நான் வாத்தியார். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படிக்கப் பழகிய வாய். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"வசந்தா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அப்படியே அவன் காலில் விழுந்தாள்."

மைக்கை நீட்டினேன். ரத்னம்மா வாங்கவில்லை. என்னையே பார்த்தாள். கூட்டம் "ஆமேலே? ஆமேலே?" என்று அவசரப்படுத்தியது. அப்புறம் என்ன, அப்புறம் என்ன?

அவள் மைக்கைப் பிடித்தாள். நிதானமாகச் சொன்னாள். எனக்கு அந்த அளவுக்குக் கன்னடம் புரியும்.

வசந்தா அவனை மேலும் கீழும் பார்த்தாள் என்றாள். தாகமாக இருக்கிறதா என்று கேட்டாள் என்றாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடிக்க ஆரம்பித்தான். அப்போது வசந்தா சொன்னாள்:

"நீரு குடிது ஹோகி."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போங்கள்.

அவளுக்கு நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று, மடச்சி மாதிரி, "காலில் விழுந்தாள், ரத்னம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி மைக்கைப் பிடித்து, வசந்தா கதவைச் சாத்தினாள், மழை நின்றுவிட்டது, விடிந்ததும் எப்போதும்போலத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாள் என்று முடித்தே விட்டாள்.

நான் தமிழில் வசந்தாவை அவன் மடியில் சாகடித்தேன். வேறு வழி?

தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆனேக்கல் ஜனங்களில் வயதான ஒருத்தி, "ஸரியாகி ஹேளிதளு!" என்றாள். சரியாகச் சொன்னாள். அங்கங்கே கைத்தட்டல்.

இரண்டு மொழியும் தெரிந்த ஓசூர்க்காரர்கள்தான் பாவம். கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பெஞ்சில் இருந்து ஒருவர் எழுந்து கேட்டார்:

"டீச்சரம்மா, அவ செத்தாளா, இல்ல தையல் மிஷின்ல உக்காந்தாளா? ஒண்ணா சொல்லுங்க!"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. சாயபு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான்கூடச் சிரித்துவிட்டேன்.

ஆண்கள் பக்கம் மாதேவண்ணா மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன்.

திரும்பி நடக்கும்போது, "என்ன ரத்னம்மா இப்படிப் பண்ணிட்டே?" என்றேன்.

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு அக்கா" என்றாள். "வாயில வரல."

மூன்றாவது முடிவு

மறுநாள் ரீல் வந்தது. சாயபு பெருந்தன்மையாக, முந்தின நாள் பார்த்தவர்கள் எல்லோரும் கடைசி ரீலுக்கு வந்து உட்காரலாம் என்று அறிவித்தார். ஊரே வந்தது, யார் சொன்னது சரி என்று பார்க்க.

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. படமெடுத்தவர்கள் கதையை மாற்றியிருந்தார்கள். வசந்தா மயக்கம் போட்டு விழுந்தாள், ஆனால் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தாள். தோட்டத்தில் இரண்டு பேரும் பாடினார்கள். வணக்கம்.

"இதுக்கு நேத்து சொன்னதே தேவல" என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

ஆனேக்கல், அத்திப்பள்ளி ஜனங்கள் விடியற்காலையிலேயே வண்டி கட்டிப் போயிருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தப் படம் ரத்னம்மா சொன்னபடிதான் முடிந்தது.

ஓட்டலுக்குள் நிலவரம் வேறு. மாதேவண்ணா தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். கோபக்காரர் அல்ல. பயந்துபோயிருந்தார். அவருடைய மனைவிதான் என்னிடம் குமுறினாள்.

"இவரு ஆள் அனுப்பி, கெஞ்சி, எப்பிடியாவது சேத்து வெச்சிடலாம்னு இருந்தாரு. இவ ஊரைக் கூட்டி வெச்சு போங்கன்னு சொல்லிட்டா. இனி அந்தப் புண்ணியவான் இந்தப் பக்கம் தலவெச்சுப் படுப்பாரா? நீங்களும் கூட நின்னீங்களே டீச்சர்!"

ரத்னம்மா ஒன்றும் காதில் விழாதவள்போல மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஞாயிறு நான் பத்திரிகையோடு போனபோது, "இன்னிக்கு வேண்டாம் அக்கா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கினோம்.

தண்ணீரைத் தொடாத மனிதர்

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பின்கட்டில் இருந்தேன். மாதேவண்ணாவின் மனைவி ஓடிவந்து, "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்றாள். முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். கடைசி மேஜையில், வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரைக்கும் பித்தான் போட்டுக்கொண்டு, ஒல்லியான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். விரல் நகங்களின் ஓரத்தில் மிஷின் எண்ணெய்க் கறுப்பு.

சிவண்ணா.

அவருடைய கம்பெனியில் அடுத்த மிஷினில் வேலை செய்தவர் ஆனேக்கல்காரர். ஷிப்டு நடுவில், ஓசூர் கொட்டகையில் நல்ல கதை ஒன்று கேட்டோம் என்று அவர் கதையை முழுசாகச் சொல்லியிருக்கிறார். கதையில் சொம்புத் தண்ணீர் வந்ததும் சிவண்ணாவின் கை நின்றுவிட்டதாம். அதைச் சொன்ன பெண் யார் என்று கேட்டிருக்கிறார். காப்பி ஓட்டல் மாதேவண்ணாவின் தங்கை என்று அவர் சொல்லியிருக்கிறார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

ரத்னம்மா கையைக் கழுவினாள். முந்தானையைச் சரிசெய்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய், மேஜையில் வைத்தாள். ஓட்டலில் எல்லா இட்லியும் பாதியில் நின்றது.

அவர்கள் கன்னடத்தில்தான் பேசினார்கள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

"குடிங்க" என்றாள்.

அவர் டம்ளரைப் பார்த்தார். தொடவில்லை.

"குடிச்சா போகணுமாமே" என்றார்.

இரண்டு வருஷமாகப் பேசாத மனிதர் முதலில் பேசியது அதுதான்.

"அது வசந்தா சொன்னது" என்றாள். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"எப்ப சொல்லுவே?"

"தெரியல. நீங்க இத்தன நாள் யோசிச்சீங்க. நான் யோசிக்க வேண்டாமா? அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க. டிபன் சாப்பிட்டுப் போங்க."

மாதேவண்ணா கல்லாவிலிருந்து எழுந்தேவிட்டார். "ரத்னா! வந்த மனுசன..." என்று ஆரம்பித்தார். சிவண்ணா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். தண்ணீரைக் குடித்தார். எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படியும் ஒருத்தி துணிவாளா என்று பெருமையாகவும் இருந்தது, அவர் மறுபடி வராவிட்டால் என்ன ஆவாள் என்று பயமாகவும் இருந்தது. அந்தக் காலத்தில் அந்த ஊரில் வாழாவெட்டி என்ற சொல்லைச் சத்தமாகவே சொல்வார்கள்.

ஆனால் வந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும். அதே கடைசி மேஜை. ரத்னம்மா ஏதாவது கொண்டுவந்து வைப்பாள். நின்றபடியே இரண்டு வார்த்தை பேசுவாள். பிறகு உட்கார்ந்து பேசினாள். ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, அப்புறம் பழகிப்போய்விட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துப் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை என்று சாயபு கேலி செய்வார். சிவண்ணா தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு ஞாயிறு வரவில்லை. ரத்னம்மா மத்தியானம் வரைக்கும் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ஆட்டுவதை நிறுத்தினாள். அடுத்த வாரம் வந்து, ஓவர்டைம் போட்டுவிட்டார்கள், லீவு கேட்டும் கொடுக்கவில்லை என்றார். "ஒரு கார்டு போடக் கூடாதா?" என்று அவள் சத்தம் போட்டது தெருவுக்கே கேட்டது. மாதேவண்ணாவின் மனைவி என் கையைக் கிள்ளினாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. புருஷன்மேல் சத்தம் போடுகிறாள் என்றால் காரியம் பலித்துவிட்டது என்பது அவள் கணக்கு.

நான் ரத்னம்மாவுக்கு ஒரே ஒரு யோசனைதான் சொன்னேன். "தனி வீடு பார்க்கச் சொல்லு. அம்மாவைப் பக்கத்துத் தெருவில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்." அவள் கேட்டாள். அவர் பார்த்தார். தை மாதம் ஒரு காலையில் பெட்டியும் ஒரு கூடை நிறைய ஊறுகாய் ஜாடியுமாக பெங்களூர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, கன்னடத்தில், "'ஹ'வை விழுங்காதீங்க அக்கா" என்றாள். அழுதது நான்தான்.

என் யோசனைதான் அவளை வாழவைத்தது என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. அந்தத் திருப்தியோடு இத்தனை காலம் இருந்திருக்கிறேன்.

எழுதாமல் விட்டது

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதினால் அவர்களிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்புவது என் வழக்கம். போன வாரம் பெங்களூர் போயிருந்தேன். ரத்னம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. சிரித்தால் கண் இன்னும் மூடிக்கொள்கிறது. சிவண்ணா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. படத்துக்கு மல்லிகைச் சரம் போட்டிருந்தாள்.

மேலே இருப்பதை எல்லாம் படித்தேன். கொட்டகை வந்த இடத்தில் சிரித்தாள். அண்ணனைப் பற்றி வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் தாள்களை வாங்கி, எதையோ தேடுவதுபோலப் புரட்டினாள்.

"ஏதாவது தப்பா எழுதிட்டேனா?" என்றேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல அக்கா. ஆனா அவரு எங்க?"

"இருக்காரே. மேஜையில உட்கார்ந்திருக்கார், வாரா வாரம் வர்றார்..."

"உக்காந்துக்கிட்டேதான் இருக்காரு. தலையக் குனிஞ்சுக்கிட்டே இருக்காரு. இதுல ஒரு எடத்துலகூட அவரு சிரிக்கவே இல்லியே."

யோசித்துப் பார்த்தேன். அவர் சிரித்து நான் பார்த்ததாக நினைவில்லை. அப்படியே சொன்னேன்.

"நீங்க இல்லாத அன்னிக்கு" என்றாள். "பரீட்சன்னு நீங்க வரல. எனக்கு அன்னிக்கு மனசெல்லாம் ஒரே ஆத்திரம். என்னாத்துக்கு இவரு மட்டும் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்து உக்காந்து தின்னுட்டுப் போறாருன்னு. வேணும்னே தோசையக் கல்லுலயே விட்டேன். கரி. அடுப்புக்கரி மாதிரி. அத அப்பிடியே கொண்டுபோய் வெச்சேன். அண்ணன் பாத்துட்டு நடுங்கிப்போச்சு."

"அப்புறம்?"

"தோசையப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. பிச்சு ஒரு வாய் போட்டுக்கிட்டாரு. கடக்முடக்குன்னு சத்தம். 'இத முழுசும் தின்னாத்தான் அடுத்த வாரம் வரலாமா?'ன்னு கேட்டாரு. கேட்டுட்டு, அக்கா, சிரிச்சாரு பாருங்க. அந்த ஒல்லி உடம்பு முழுக்கக் குலுங்குது. பொரை ஏறிப்போச்சு. பல்லெல்லாம் கறுப்பு. மேஜையத் தட்டித் தட்டிச் சிரிக்கறாரு. அண்ணனும் சிரிக்குது. எனக்கு அங்க நிக்க முடியல. உள்ள ஓடிட்டேன்."

அவள் படத்தின் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அந்த ஒத்த அறை வீட்டுல, அவங்க அம்மா முன்னாடி, அந்தச் சத்தத்த நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இந்த மனுசனுக்கு இப்பிடிச் சிரிக்கத் தெரியுமான்னு ஆட்டுக்கல்லப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தனி வீடெல்லாம் அப்பறம் கேட்டது. நீங்க சொன்னீங்களேன்னு கேட்டேன்."

நான் பேனாவை எடுத்தேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். எழுதி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிங்க" என்றாள்.

படித்தேன். தோசை கருகியது, வாய் கறுத்தது, மேஜையைத் தட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் சிரிக்கிற இடம் வந்ததும் என் முழங்காலில் கையை வைத்தாள்.

"அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ படிங்க அக்கா" என்றாள். "கொஞ்சம் சத்தமா."